ஊருக்கும் ஆளுக்கும் பொருத்தம்

ஈஸ்ட் ஹாமில், ஒரு சேலைக் கடைக்கு மேலே இருக்கும் சின்ன அறையில், சனிக்கிழமை பின்னேரம் இருந்தவர்கள்:

நரசிம்மன். சோதிடர். மதுரைக்காரர். அறுபது வயதாகப் போகிறது. பஞ்சாங்கத்தை விட லாப்டாப்பை நம்புகிறவர்.

தவநாயகி. வன்னியிலிருந்து வந்தவள். வயது ஐம்பத்தாறு. அலுவலகங்கள் கூட்டித் துடைக்கிற வேலை. புருஷனையும் மகனையும் இரண்டாயிரத்து ஒன்பதில் பறிகொடுத்தவள். அதைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை.

அஜந்தா. தவநாயகிக்கு மிஞ்சிய ஒரே பிள்ளை. இருபத்தேழு வயது. பொறியியல் படித்துவிட்டு ஒரு வெயர்ஹவுஸில் இரவு ஷிப்ட் செய்கிறாள்; நின்றுபோன கன்வேயர் பெல்ட்டுகளை ஓட வைப்பது வேலை. ஜப்பானில் ஒரு தொழிற்சாலை கூப்பிட்டிருக்கிறது. வருவதா இல்லையா என்று இன்றைக்குள் பதில் எழுத வேண்டும். பொருத்தம் சரிவந்தால் போகலாம் என்று தாய் சொல்லியிருக்கிறாள்.

— ஊர் ஆணோ பெண்ணோ ஐயா? அது தெரியாமல் என்னண்டு பொருத்தம் பாக்கிறது?

— ஊருக்கு ஏதும்மா ஆணும் பெண்ணும்? முப்பது வருஷமா ஜாதகம் பாக்கறேன். பொண்ணுக்கும் ஊருக்கும் பொருத்தம் பாருங்கன்னு வந்த மொத ஆளு நீங்கதான்.

— பிள்ளையைக் குடுக்கிற வீட்டை விசாரிக்காமல் குடுக்கிறதே? மூண்டு வருசம் அங்க இருக்கப்போறாள். கனடா எண்டால் ஆரையும் போனில கேக்கலாம். இந்தக் கித்தாக்கூசுவில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை.

— கித்தாகியூஷூ, அம்மா. எல்லாம் கூகிள்ல கிடக்கு எண்டு எத்தினை தரம் சொன்னனான்?

— கூகிள் குணம் சொல்லுமே? நீ சும்மா இரு. ஐயா, நீங்கள் போடுங்கோ.

— ஊர் பொறந்த தேதி சொல்லும்மா அஜந்தா.

— ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்து மூண்டு, பெப்ரவரி பத்து. அதுக்கு முதல் அது ஐஞ்சு ஊர். ஐஞ்சையும் சேத்து ஒரு நகரமாக்கினவை.

— நேரம்?

— நேரம் எங்கயும் இல்லை அங்கிள். தேதி மாறின உடன எண்டு வைச்சால் இரவு பன்னிரண்டு.

— சரி, பன்னிரண்டு. ஜப்பான் நேரம். ஆ, வந்துடுச்சு. துலா லக்னம். கேளுங்க. வெளியாளுக்கு நல்ல முகம் காட்டற ஊரு. குனிஞ்சு வரவேற்கும். குரலை உசத்தாது. யார் மனசும் நோகக் கூடாதுன்னு பாக்கும்.

— நல்லது.

— இருங்க, வாசல்லயே நின்னா எப்படி, உள்ள போவோம். நாலாம் வீடு, மகரம். அங்க சூரியனும் சனியும். அப்பனும் மகனும் ஒரே ரூம்ல, பேச்சுவார்த்தை கிடையாது. நடுவுல கேது. சாமியார் மாதிரி செவத்தைப் பாத்து உக்காந்திருக்கான். வெளியில சிரிச்சுட்டு வீட்டுக்குள்ள வாய் தொறக்காத குடும்பம் இருக்கில்ல, அது இந்த ஊரு.

— ஐஞ்சு ஊரைப் பிடிச்சு ஒரு வீட்டுக்க அடைச்சா அப்பிடித்தானே இருக்கும். இப்பவும் ஒவ்வொரு பகுதிக்கும் அந்தப் பழைய பேர்தான்.

— எங்கட ஆக்களை மாதிரி. லண்டனுக்கு வந்து முப்பது வருசமானவையும் கடையில கத்தரிக்காய் வாங்கேக்கயும் நீங்கள் ஊரில எவடம் எண்டுதான் கேப்பினம்.

— பத்தாம் வீடு பாருங்க. தொழில். செவ்வாயும் ராகுவும். நெருப்பும் புகையும்.

— சீரியஸா அங்கிள்? அங்க ஆயிரத்துத் தொளாயிரத்து ஒண்டில இருந்து இரும்பு உருக்கினவை. ஒரு காலம் வானம் ஏழு நிறத்தில இருந்ததாம், அவ்வளவு புகை. அதைப் பெருமையாச் சொன்னவையாம். புகை வந்தால் காசு வருது எண்டு.

— பேந்து?

— பேந்தென்ன. கடல் செத்துப்போச்சு. கொடியில போட்ட உடுப்பெல்லாம் கரி. பிள்ளையளுக்கு இழுப்பு. ஆம்பிளையள் வேலை போயிடும் எண்டு வாயைத் திறக்கேல்லை. பொம்பிளையள்தான் கரி பிடிச்ச துணியளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை பிடிச்சவை. இப்ப வானம் நீலம், கடல்ல மீன் ஓடுது.

— அதான் நீசச் செவ்வாய். கோவம் வயித்துக்குள்ளயே கிடக்கும். வீட்டுப் பொம்பளை வந்து தட்டினாத்தான் வெளியில வரும்.

— அப்ப மோசமான ஊர் இல்லை.

— அம்மா, அதில ஒரு பகுதிக்கு இன்னொரு கதையும் இருக்கு. கொக்குரா எண்டு பேர். இரண்டாவது அணுகுண்டு அங்க போடத்தான் கொண்டு போனது. பிளேன் வந்து மேலால சுத்தினது. மேகமோ புகையோ, கீழ ஒண்டும் தெரியேல்லை. அதால திருப்பிக்கொண்டு போய் நாகசாகியில போட்டது.

— இதெல்லாம் போன ஜென்மம்மா. ஊர் பொறக்கறதுக்கு முன்ன நடந்தது. ஜாதகத்துல சேராது.

— மேகம் மறைச்சதோ?

— ஓம் அம்மா.

— எங்களுக்கு ஒருநாளும் மறைக்கேல்லை. துடைச்சு வைச்ச மாதிரிக் கிடந்தது வானம்.

— அம்மா, விடுங்கோ.

— சும்மா சொன்னனான். ஐயா, தப்பின ஊரின்ர குணம் எனக்கு விளங்கும். பகலில வேலை வேலை எண்டு நிக்கும். படுத்தால் நித்திரை வராது. எனக்குப் பதிலா ஆர் போனது எண்டு யோசிச்சுக்கொண்டு கிடக்கும்.

— நீங்களே ஜாதகம் சொல்லிட்டீங்க. நான் எதுக்கு?

— மிச்சத்தைச் சொல்லுங்கோ.

— சந்திரன் சிம்மத்துல. மக நட்சத்திரம். அந்தக் காலத்துல நாங்க யாருன்னு தெரியுமான்னு ஆரம்பிக்கற ஊரு. கிழவனுங்க சட்டைக் காலரைத் தூக்கி விட்டுப்பானுங்க. சின்னப் பசங்க பெட்டியைத் தூக்கிட்டு வேற ஊர் பாத்துப் போயிடுவாங்க.

— உண்மை. ஆக்கள் குறைஞ்சுகொண்டு போயினம். அதாலதான் எங்களைக் கூப்பிடுறாங்கள். ரோபோ கை செய்யிற பக்டரி அம்மா. கிழவங்களைக் கட்டில்ல இருந்து தூக்கி விடுற கை.

— கை போதுமே தூக்க? மனிசர் வேண்டாமே?

— மனிசர் இல்லாதபடியால்தானே கை.

— கடைசியா அஞ்சாம் வீடு. கும்பத்துல குரு. இந்த ஊர்கிட்ட எனக்குப் புடிச்சது இது ஒண்ணுதான். பிள்ளைங்கன்னா மனசு இளகிடும். யார் பெத்த பிள்ளையோ, வந்து நின்னா துரத்தாது.

— நல்ல வார்த்தை சொன்னியள் ஐயா. இப்ப இவளின்ரையோட பாருங்கோ.

— பாக்கறேன். பொண்ணு மேஷ ராசி, பரணி. ஊர் சிம்மம், மகம். ராசிப் பொருத்தம் உண்டு. தினம் உண்டு. ரஜ்ஜு தட்டலை.

— ரஜ்ஜு தட்டேல்லை எண்டால் தாலிக்குப் பயமில்லை.

— அம்மா, நான் அந்த ஊரிட்டைத் தாலி வாங்கப் போகேல்லை.

— வாயை மூடு. ஐயா, என்ன முகம் மாறுது?

— இருங்க, லக்னம் பாத்துடறேன். ம். ஊரோட நாலாம் வீட்டுல மூணு பேர் பேசாம உக்காந்திருக்காங்கன்னு சொன்னேனில்ல. மகரம். இவளுக்கு லக்னமே மகரம்தான்.

— அப்பிடியெண்டால்?

— மூணு பேரும் பொண்ணு தலை மேல ஏறி உக்காந்துக்குவாங்க. ஊர் இவளைத் தன் வீட்டுப் பழைய சண்டைக்குள்ள இழுத்துடும். வேலை நிக்கும், ஆள் நிக்க மாட்டா. ஒடம்புக்கு ஆகாது. மனசுக்கு அதைவிட ஆகாது. நான் போன்னு சொல்ல மாட்டேன்.

— வடிவாப் பாத்தனீங்களோ?

— ரெண்டு தடவை பாத்துட்டேன். வயித்தெரிச்சல் என்னன்னா, பொண்ணு மகரத்தோட கடைசியில பொறந்திருக்கா. ஒரு அரை மணி பிந்தியிருந்தா கும்பம். இங்க பாருங்க, சாயங்காலம் நாலு அம்பத்தஞ்சுக்குப் பதிலா அஞ்சு இருபத்தஞ்சு போடறேன். ஆச்சா? கும்ப லக்னம். அந்த ஊரோட குரு நேரா வந்து இவ தலையில கை வெப்பார். கண்ணை மூடிட்டு அனுப்பி வைன்னு சொல்லியிருப்பேன். என்ன பண்றது.

— சரி அங்கிள். தாங்ஸ்.

— எங்க எழும்புறாய்?

— எங்கயும் இல்லை. போனை எடுக்கிறன். வரேல்லை எண்டு எழுதி விடுறன், அலுவல் முடிஞ்சுது.

— உடனயே எழுதவேணுமே?

— நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள், பொருத்தம் இல்லை எண்டால் இல்லையெண்டு. நானும் ஓம் எண்டனான்.

— நீ ஒரு சொல்லும் சண்டை பிடிக்கேல்லை.

— ஏன் பிடிக்கவேணும்? நீங்கள் இருக்கச் சொல்லுறியள், நான் இருக்கிறன். சந்தோசப்படுங்கோவன்.

— நீ இதுகளை நம்புறனியோ பிள்ளை?

— தெரியாது. மூண்டு வருசத்துக்கு முதல் இதே கதிரையிலதான் இருந்தனான். ஏழில செவ்வாய், கட்டினால் நான் விரும்பின பெடியனுக்கு ஆயுள் இல்லை எண்டார் அங்கிள். கிருசாந்தன் அதெல்லாம் விசர்க்கதை, வா பதிவெழுதுவம் எண்டவன். நான்தான் மாட்டன் எண்டனான். ஏற்கெனவே இரண்டு பேர் செத்த வீடு, மூண்டாவதா ஒருத்தனையும் சாக்காட்டக் கூடாது எண்டு. இப்ப அவன் கனடாவில கலியாணம் கட்டிப் பிள்ளையும் இருக்கு. அண்டைக்கு நம்பினது எண்டால் இண்டைக்கும் நம்பத்தான் வேணும். இல்லாட்டி அண்டைக்கு நான் செய்தது என்ன? சும்மா விசர்.

— பொண்ணே, நான் உன் நல்லதுக்குத்தான்...

— உங்களைக் குறை சொல்லேல்லை அங்கிள். அம்மா, போன வியாழக்கிழமை நான் விடிய ஏழுக்கு வராமல் ஒம்பது மணிக்கு வந்தனான், ஞாபகமோ?

— ஓவர்டைம் எண்டனீ.

— ஓவர்டைம் இல்லை. ஸ்டேசனில இருந்தனான். ட்ரெயின் வரும், போகும். நான் எழும்பேல்லை. வீட்டை வரவும் மனமில்லை, வேற எங்க போறதெண்டும் தெரியேல்லை. பிளாட்போம் விளிம்பில போட்ட மஞ்சள் கோட்டையே பாத்துக்கொண்டு இருந்தனான். பிறகு ஆரோ ஒரு கறுப்பு மனிசி வந்து ஆர் யூ ஓகே லவ் எண்டு கேட்டா. அதுக்குப் பிறகு எழும்பி வந்தனான்.

— என்ர கடவுளே.

— ஒண்டும் நடக்கேல்லை. சும்மா சொன்னனான். இஞ்ச சிக்னல் இல்லை, வெளியில போய் அனுப்பிப்போட்டு வாறன்.

— பொறு.

— என்ன?

— எழுதாதை. பொறு. ஐயா, உந்தப் பெட்டியில இலங்கை நேரம் எதைப் போட்டனீங்கள்?

— லாப்டாப்ல? நான் எதையும் போட வேணாம்மா. ஊரும் தேதியும் கொடுத்தா தானா எடுத்துக்கும். உங்க நாட்டுல தொண்ணூத்தாறுல கடிகாரத்தை மாத்தினாங்க, ரெண்டாயிரத்தாறுல திருப்பி வெச்சாங்க. இவ தொண்ணூத்தெட்டு. அதனால புது நேரம்.

— அது கொழும்புக்கு.

— கொழும்பு என்ன, நாடு பூராவும்தான்.

— நாடு முழுக்க இல்லை. அரசாங்கம் அரை மணித்தியாலம் கூட்டினது. வன்னியில புலியளின்ர ஆட்சி, இயக்கம் கூட்டேல்லை. எங்களுக்குப் பழைய நேரம், அங்கால புது நேரம். வவுனியாவுக்குப் போறவை சோதனைச் சாவடியில நிண்டு மணிக்கூட்டைத் திருகுவினம். திரும்பி வரேக்க திருப்பித் திருகுவினம். வேணுமெண்டால் ஆரையும் கேட்டுப் பாருங்கோ.

— எனக்கு இது தெரியாதே. நான் மதுரைக்காரன்.

— ஓம், வன்னியில படிப்பிச்ச பரமேஸ்வரன் மாமாவும் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடம் பழைய நேரம், சோதனை எழுதுறது அரசாங்க நேரம் எண்டு. அம்மா, இப்ப ஏன் இதைச் சொல்லுறியள்?

— நான் குடுத்த நாலு ஐம்பத்தைஞ்சு பழைய நேரம்.

— அப்ப லாப்டாப் நேரத்துல அது அஞ்சு இருபத்தஞ்சு. இருங்க. இருங்கம்மா. அப்படின்னா இப்ப நான் விளையாட்டாப் போட்டுக் காமிச்சேனே, அதுதான் இவளோட அசல் ஜாதகம். கும்ப லக்னம். குரு நேரா தலை மேல. அம்மா, இது அனுப்பலாம். தாராளமா அனுப்பலாம்.

— கேட்டியே பிள்ளை? எழுது. வாறன் எண்டு எழுது.

— அங்கிள், லக்னம் மாறினால் மற்றதெல்லாமும் மாறும்தானே?

— ஆமா. வீடெல்லாம் ஒண்ணொண்ணு நகரும்.

— செவ்வாய்?

— அது இப்ப எதுக்கும்மா?

— அங்கிள், செவ்வாய் எங்க?

— ஏழுலேருந்து ஆறுக்குப் போயிட்டார்.

— ஆறில தோசமோ?

— இல்லை. ஆறுல தோஷம் கிடையாது.

— அப்ப எனக்குத் தோசமே இருக்கேல்லை. அப்பிடித்தானே? அண்டைக்கு இந்தக் கதிரையில இருந்து நான் அழுதது... அம்மா, உங்களுக்கு இது மறந்து போனதோ?

— ஓம் பிள்ளை, மறந்துபோனன். இப்பத்தான் ஞாபகம் வந்தது.

— இருபத்தேழு வருசம் வராத ஞாபகம்? நான் ஸ்டேசனில இருந்த கதையைச் சொன்னவுடன வந்ததோ?

— வந்தது.

— நம்ப மாட்டன். நான் ஏதும் செய்துபோடுவன் எண்டு பயந்து இப்ப கதை கட்டுறியள். மறந்த ஆளின்ர நேரத்தை வைச்சு என்னண்டு நான் பிளேன் ஏறுறது? வேண்டாம். வரேல்லை எண்டே எழுதுறன்.

— அஜந்தா.

— விடுங்கோ கையை.

— மறக்கேல்லை.

— என்ன?

— மறக்கேல்லை எண்டு சொல்லுறன். தெரியும். ஐயா அண்டைக்கு மகரம் எண்டு வாசிக்கேக்கயே பிழை எண்டு தெரியும். ஊரில சாத்திரியார் கும்பம் எண்டுதான் எழுதினவர்.

— தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தனீங்களோ?

— ஓம்.

— ஏன்?

— அந்தப் பெடியன் கனடாவுக்குப் போறன் எண்டவன். உன்னையும் கொண்டு போயிருப்பான். எனக்கு ஆர் இருக்கினம்?

— ஒரு சொல்லு. பழைய நேரம். அவ்வளவுதானே சொல்லவேணும்?

— சொல்லேல்லை.

— நான் இரவிரவா அழேக்க பக்கத்தில படுத்திருந்தனீங்கள். முதுகு தடவினனீங்கள்.

— ஓம்.

— தடவிக்கொண்டு சொல்லாமல் இருந்தனீங்கள்.

— ஓம் எண்டு சொல்லுறன்தானே. எத்தினை தரம் கேப்பாய்? இப்ப எழுது.

— எழுதத்தான் போறன். நீங்கள் சொல்லத் தேவையில்லை. அங்கிள், உங்கட வைபை பாஸ்வேர்ட் என்ன?

— அது... செவத்துல ஒட்டியிருக்கும்மா. முருகன் படத்துக்குக் கீழ.

— சரி. அனுப்பிட்டன். அடுத்த மாசம் முதலாம் கிழமை போறன். அதுவரைக்கும் நான் சிநேகிதி றொசாந்தியோட கிங்ஸ்பரியில நிப்பன்.

— வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போ.

— உங்கட கையால இனி ஒண்டும் வேண்டாம்.

— குளிர்ச் சட்டை எடுக்கேல்லை நீ.

— வாங்குவன்.

— ஊருக்குப் போனால் ஒரு மெசேஜ் போடு. கதைக்கவேணும் எண்டில்லை. வந்திட்டன் எண்டு மட்டும்.

— கும்பிட்டுக் கேக்கிறன் அம்மா, எனக்குப் பின்னால வராதேங்கோ.

— வரேல்லை. போ.

— அம்மா, பொண்ணு படி எறங்கறா. போய்க் கூப்பிடுங்க. கோவத்துல போறா.

— கதவைச் சாத்துங்கோ ஐயா.

— மணி நாலுதானே ஆகுது. அடுத்த ஆளுங்க வருவாங்க.

— சாத்திப் பூட்டுங்கோ. பூட்டாட்டி நான் ஓடிப்போய் மறிச்சுப்போடுவன்.

— சரி சரி. பூட்டிட்டேன். மேல் தாப்பாளும் போட்டாச்சு. உக்காருங்க. தண்ணி குடிங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க பண்ணினது பெரிய பாவம்மா. பெத்த பொண்ணு வாழ்க்கை. மூணு வருஷமா என்னையும் அதுக்குக் கூட்டாளியா வெச்சிருந்திருக்கீங்க. தெரிஞ்சதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன?

— அண்டைக்கு எனக்கு என்ன தெரியும் ஐயா?

— இப்பத்தானே தெரியும்னீங்க?

— அரை மணி பிந்தினால் குரு வருவார் எண்டு நீங்கள்தானே இண்டைக்குச் சொன்னனீங்கள். அதைப் பிடிச்சுக்கொண்டுதான் கதை கட்டினனான்.

— அப்ப பழைய நேரம்னு சொன்னது? அந்த நாலு அம்பத்தஞ்சு?

— சாத்திரியார் நேரம் கேட்டார், வாயில வந்ததைச் சொன்னன். மேல ஷெல்லும் குண்டும் விழுந்துகொண்டிருக்க, இருட்டுக்க பெத்தனான் ஐயா அவளை. அந்தப் பங்கர்க் குழிக்க ஒருத்தரிட்டையும் மணிக்கூடு இருக்கேல்லை.